சோறு வேண்டும், கை வேண்டாமா?

(சென்னையில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இணையவழி உணவு நிறுவனங்களின் வளர்ச்சி' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். வளர்ச்சியைப் பற்றிப் பேசப் பங்குச்சந்தை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னை அழைத்ததற்கு ஒரே காரணம், நான் பதினெட்டு மாதங்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு இந்த நகரத்தில் சோறு சுமந்தவன். நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் இந்த உரையில் வராது. அது ஒரு சிறிய நிறுவனம், இப்போது இல்லை. வளர்ச்சிக்கு உதாரணமாக, இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த, வரலாறு பொதுவெளியில் கிடக்கிற சொமாட்டோவை எடுத்துக்கொள்கிறேன்.

2008இல் டெல்லியில் பெயின் என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள், தீபிந்தர் கோயலும் பங்கஜ் சத்தாவும், ஹோட்டல்களின் மெனு அட்டைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார்கள். அலுவலகத்தில் மதிய நேரத்தில் மெனு அட்டைக்காக வரிசையில் நிற்கிற தொல்லை தீர்ந்தது. ஃபுடிபே என்று அதற்குப் பெயர். 2010இல் அது சொமாட்டோ ஆனது. அந்த ஆண்டே இன்ஃபோ எட்ஜ் முதலீடு செய்தது.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஏழு ஆண்டுகள் அந்த நிறுவனம் ஒரு இட்லியைக்கூட ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவில்லை. எந்த ஹோட்டலில் என்ன கிடைக்கும், என்ன விலை, எப்படி இருக்கும் என்ற தகவலைத்தான் விற்றது. 2015இல்தான் உணவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பெங்களூரில் ஸ்விக்கி தொடங்கியிருந்தது. அதன்பிறகுதான் அசுர வளர்ச்சி. 2020 ஜனவரியில் இந்தியாவில் ஊபர் ஈட்ஸை வாங்கியது. 2021 ஜூலையில் ஒரு பங்கு 76 ரூபாய் என்று விலை வைத்து, 9,375 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வெளியிட்டது. 2022இல் பிளிங்கிட்டை வாங்கியது. 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் முதன்முறையாக 2 கோடி ரூபாய் லாபம் காட்டியது. 2024 டிசம்பரில் சென்செக்ஸ் பட்டியலில் இடம்பிடித்தது. 2025இல் தாய் நிறுவனத்தின் பெயர் எடர்னல் என்று மாறியது. நித்தியமானது என்று பொருள்.

மெனு அட்டை போட்ட காலத்துக்கும் சென்செக்ஸுக்குப் போன காலத்துக்கும் நடுவில் சேர்ந்த புதிய சரக்கு என்ன? மூளையும் கணினியும் முன்பே இருந்தன. புதிதாகச் சேர்ந்தது கையும் காலும். வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டுகிற, பார்சலை வாங்கி நீட்டுகிற லட்சக்கணக்கான கைகள். இந்த வளர்ச்சி கைகளின் மேல் நிற்கிற வளர்ச்சி. ஆகவே அந்தக் கை யாருடையது, அதை இந்தச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்று கேட்காமல் வளர்ச்சியைப் பற்றிப் பேச முடியாது.

இந்தியாவில் சோற்றைத் தொடுகிற கைக்குச் சாதி உண்டு. இது நமக்குப் புதிய செய்தி இல்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து 1925 வரை நடந்த போராட்டம், பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய கதையின் ஒரு பகுதி. 1917இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பிட வைத்தார். அதற்காக அவர் சொந்தச் சமூகத்தின் தூற்றலுக்கு ஆளானார். தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனி இடம் என்பது 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருக்கக் கூடாது என்று பெரியார் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். பலகை மாறியது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த பட்டியல் சாதிப் பெண்ணை ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். அதிகாரிகள் எதிர்த்தவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அவர் அதே பள்ளிக்குத் திரும்ப முடிந்தது.

இப்படிப்பட்ட நாட்டில் ஒரு செயலி வருகிறது. அதில் சமைத்தவர் யார் என்று தெரியாது. பார்சல் கட்டியவர் யார் என்று தெரியாது. இன்னாருக்கு இன்னார் கையால் என்ற கணக்கே இல்லாமல் ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான சாப்பாடு கைமாறுகிறது. தலைவர்கள் மேடை போட்டு நடத்திய சமபந்தியைவிடப் பெரிய சமபந்தி இது என்றுகூட நான் ஒரு காலத்தில் நம்பினேன்.

அந்த நம்பிக்கை எனக்கு எங்கே உடைந்தது என்று சொல்கிறேன்.

என் அம்மா ஒரு மெஸ்ஸில் பின்கட்டில் வேலை பார்த்தார். காய் நறுக்குவது, சட்னி அரைப்பது, பார்சல் கட்டுவது. ஊரில் இருந்தபோது சத்துணவில் உதவியாளர் வேலைக்குக் கேட்டுப் பார்த்தார். "உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அன்பாகவே சொல்லி அனுப்பிவிட்டார். சென்னையில் அந்தத் தொல்லை இல்லை. பின்கட்டில் நிற்பவரைச் சாப்பிடுகிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை.

ஒருநாள் மதியம் அந்த மெஸ்ஸிலிருந்தே எனக்கு ஆர்டர் விழுந்தது. இரண்டு சாப்பாடு, ஒரு வத்தக்குழம்பு கூடுதல். அம்மா கட்டிய பார்சலை அம்மாவிடமிருந்தே வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தென்சென்னையில் ஒரு பெரிய அடுக்குமாடி. லிஃப்ட் பொத்தானை அழுத்தியதும் காவலாளி ஓடி வந்தார். "தம்பி, இது குடியிருக்கிறவங்களுக்கு. உங்களுக்குப் பின்னாடி லிஃப்ட்." பின்னாடி இருந்தது குப்பை இறக்குகிற லிஃப்ட். அன்று அது ஓடவில்லை. ஒன்பது மாடி ஏறினேன். கதவைத் திறந்த அம்மா நல்ல மாதிரிதான். தண்ணீர் கேட்டேன். வாசலில் நிற்க வைத்துவிட்டு, தூக்கி எறிகிற காகிதக் கோப்பை ஒன்றில் கொண்டுவந்து கொடுத்தார். "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னேன். "எங்க மாமியார் ஊரு பக்கம்தான். ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார்.

நம் ஊர்களில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். தெருவா, காலனியா என்பதுதான் கேள்வி. "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தண்ணீராவது கொடுத்தார். நான் சொல்ல வருவது வேறு. என் அம்மா கை வைத்த வத்தக்குழம்பு அந்த வீட்டின் நடு மேசைக்குப் போனது. அதைச் சுமந்துபோன நான் குப்பை லிஃப்ட்டுக்கு அனுப்பப்பட்டேன். அம்மாவின் கை கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் தீட்டில்லை. என் கை தெரிந்தது, அதனால் விசாரணை. செயலி நமக்குக் கொடுத்தது சமத்துவம் அல்ல, மறைவு. மறைந்திருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. வெளியே தெரிந்த நிமிடம் பழைய கேள்வி வந்து நிற்கும்.

அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைச் சாதியின் கோட்டையாகக் கண்டார், அங்கிருந்து நம் மக்கள் வெளியேற வேண்டும் என்றார். நகரத்தின் கூட்டத்தில் கரைந்துபோவது ஒரு மூச்சு விடுகிற இடம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அம்மாவுக்குச் சம்பளம் வந்தது அதனால்தான். ஆனால் யார் என்று தெரியாமல் இருப்பதால் கிடைக்கிற மரியாதை, தெரிந்தவுடன் போய்விடும் என்றால், அது மரியாதையே இல்லை.

இதில் தமிழ்நாட்டுக்கும் வடநாட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. செயலியில் டெலிவரி செய்பவரின் பெயர் தெரியும். வடக்கில் பல இடங்களில் பெயரின் பின்பாதியே சாதிச் சான்றிதழ். 2022 ஜூனில் லக்னோவில் ஒரு டெலிவரி தொழிலாளி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பெயரைக் கேட்டதும் தலித் கையால் உணவு வாங்க மாட்டோம் என்று சொன்னார்கள், முகத்தில் துப்பினார்கள், அடித்தார்கள் என்பது புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. எதிர்த்தரப்பு அதை மறுத்தது. நம் ஊரில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானம் கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து என் போன்ற டெலிவரி பையனின் பெயரைச் செல்பேசித் திரையில் காப்பாற்றியது. பெயரில் தெரியாததால்தான் அந்த அம்மா 'எந்தப் பக்கம்' என்று கேட்க வேண்டியிருந்தது.

பெயரில் சாதி தெரியாவிட்டாலும் மதம் தெரியும். 2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒரு வாடிக்கையாளர், டெலிவரி செய்ய வந்தவர் முஸ்லிம் என்பதால் ஆளை மாற்றச் சொன்னார். சொமாட்டோ மறுத்தது. உணவுக்கு மதம் இல்லை, உணவே ஒரு மதம் என்ற பொருளில் பதில் சொன்னது. நாடே பாராட்டியது. நானும் பாராட்டினேன், இப்போதும் பாராட்டுகிறேன். ஒரு நிறுவனம் நினைத்தால் வாடிக்கையாளரின் வெறுப்புக்கு முடியாது என்று சொல்ல முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் அதே நிறுவனம் 2023 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று ஒரு விளம்பரம் வெளியிட்டது. 'லகான்' படத்தில் 'கச்ரா' என்ற தலித் பாத்திரத்தில் நடித்த அதே நடிகரை மேசையாக, விளக்காக, பூத்தொட்டியாக உட்கார வைத்தார்கள். கச்ரா என்றால் குப்பை. மறுசுழற்சி செய்த குப்பையிலிருந்து பொருள்கள் செய்யலாம் என்பது விளம்பரத்தின் கருத்து. ஒரு தலித் மனிதனை மரச்சாமானாக்கிக் காட்டுகிறோமே என்று அந்த அறையில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? கண்டனம் எழுந்ததும் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

அடுத்து 2024 மார்ச் 19. 'சுத்த சைவம்' சாப்பிடுகிறவர்களுக்குத் தனி டெலிவரிப் படை என்று அறிவித்தார் கோயல். பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி. சைவ ஹோட்டல்களின் உணவை மட்டும் அவர்கள் சுமப்பார்கள். எதிர்ப்பு கிளம்பியது. மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டார்கள், எல்லோரும் சிவப்புதான் என்றார்கள். சைவத்துக்கான தனிப் படை தொடரும், வெளியே தெரிகிற அடையாளம்தான் இருக்காது என்றார்கள்.

அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் என்றால் அசைவம் கொண்டுவருபவர்கள் என்று நினைத்து, விசேஷ நாள்களில் குடியிருப்போர் சங்கங்கள் அவர்களை உள்ளே விடாமல் தடுக்கக்கூடும், வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டு உரிமையாளர்களால் தொல்லை வரக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டார். அதாவது இந்த நாட்டின் குடியிருப்புகள் எப்படிப்பட்டவை என்று நிறுவனத்துக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், அந்த மனநிலையைத் திருத்துவதற்குப் பதிலாக, அதைச் சந்தையாகப் பார்த்தது. முரளி கஃபே வாசலில் இறக்கிய பலகையைச் செயலிக்குள் தூக்கி மாட்டப் பார்த்தது.

உங்களில் சிலர் கேட்கலாம்: "சைவம் சாப்பிடுவது என் விருப்பம். அசைவக் குழம்பு சிந்திய பெட்டியில் என் சாப்பாடு வர வேண்டாம் என்றால் அதிலும் சாதியா?"

நியாயமான கேள்வி. நீங்கள் என்ன சாப்பிட வேண்டும் என்பது உங்கள் உரிமை. குழம்பு சிந்திய பெட்டி யாருக்கும் வேண்டாம். பிரியாணி வாங்குகிறவருக்கும் சாம்பார் சிந்திய பெட்டி வேண்டாம். அதற்கு வழி நல்ல மூடி, சுத்தமான பை, பையைக் கழுவ இடம், கழுவுகிற நேரத்துக்குக் கூலி. அது சுகாதாரம். பெட்டி சுத்தமாக இருந்தாலும் வேறு ஆள்தான் சுமக்க வேண்டும் என்றால், அது சுகாதாரம் அல்ல, தீட்டு. அழுக்கு கழுவினால் போகும். தீட்டுக்குக் கழுவல் கிடையாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு கணக்கு போதும்.

'சுத்த' சைவம் என்ற சொல்லையும் பாருங்கள். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97க்கு மேல். சிறுபான்மையினரின் உணவு சுத்தம் என்றால், பெரும்பான்மை உழைக்கும் மக்களின் உணவு என்ன?

இன்னொரு விஷயம் பேசாமல் விட முடியாது. சாதி வெளிப்படையாக வந்து 'உன் கையால் வாங்க மாட்டேன்' என்று சொன்னால் வழக்குப் போட ஒரு சட்டமாவது இருக்கிறது. செல்பேசிக்குள் வந்தால்? அந்த மாமிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்கவே வேண்டாம். ஒரு நட்சத்திரம் கொடுத்தால் போதும். எனக்கு ரேட்டிங் இறங்கினால் ஆர்டர் குறையும், சில நாள்களில் ஐடியே முடங்கிப்போகும். ஏன் என்று எனக்குக் காரணம் சொல்லப்பட்டதில்லை. கேட்க ஒரு மேலதிகாரி இல்லை, எந்திரம்தான் பதில் சொல்லும். ஒரு நட்சத்திரத்தின் பின்னால் சாதி இருந்ததா, மழையில் தாமதமானதா என்று எந்தக் காவல் நிலையத்தில் நிரூபிப்பது?

அதற்கும் காரணம் நாங்கள் 'தொழிலாளி' இல்லை என்பதுதான். எங்களுக்கு 'பார்ட்னர்' என்று பெயர். பங்காளிக்குக் குறைந்தபட்சக் கூலி கிடையாது, வைப்பு நிதி கிடையாது, ஈஎஸ்ஐ கிடையாது. பெட்ரோல் பங்காளியுடையது, வண்டி பங்காளியுடையது, விபத்தில் உடைகிற கால் பங்காளியுடையது. லாபத்தில் மட்டும் பங்கு இல்லை. வாடிக்கையாளரிடம் சொமாட்டோ 2023 ஆகஸ்டில் ஆர்டருக்கு 2 ரூபாய் 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' வாங்கத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் அது 12 ரூபாய் ஆகிவிட்டது. இது டெலிவரிக்கான கட்டணம் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்தார்கள் என்றும், 2029-30இல் அது 2 கோடியே 35 லட்சம் ஆகும் என்றும் சொல்கிறது. இவ்வளவு பேரை இனியும் பங்காளி என்று சொல்லி ஏமாற்ற முடியாது. போராட்டங்களுக்குப் பிறகு ராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகம் 2025இல் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2023 டிசம்பரில் நல வாரியம் அமைத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. இவை தொடக்கம்தான். காப்பீடும் நிதியும் பேசுகிற இடத்தில் சாதியையும் பேசியாக வேண்டும்.

என் தரப்பில் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, டெலிவரி செய்பவரின் சாதி, மதம், உணவுப் பழக்கத்தை வைத்து ஆள் தேர்வு செய்கிற எந்த வசதியும், என்ன நிறத்தில் வந்தாலும், தடை செய்யப்பட வேண்டும். இரண்டு, குறைந்த ரேட்டிங்குக்குக் காரணம் கேட்டு, ஒரு மனிதரிடம் முறையிடும் உரிமை வேண்டும். சாதி சொல்லி அவமதித்தார்கள் என்று தொழிலாளி சொன்னால், வழக்கு நடத்த நிறுவனம் உடன் நிற்க வேண்டும், அலைகிற நாளுக்குக் கூலி தர வேண்டும். மூன்று, குடியிருப்புகளில் தனி லிஃப்ட் வழக்கத்துக்கு முடிவு கட்ட வேண்டும். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமை எந்த வடிவத்தில் வந்தாலும் ஒழிந்தது என்கிறது. குப்பை லிஃப்ட்டும் ஒரு வடிவம்தான்.

நான்காவது கோரிக்கை உங்களிடம். இங்கே இருக்கிற எல்லோர் செல்பேசியிலும் ஏதோ ஒரு செயலி இருக்கும். அதை அழித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், அதில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. உங்கள் அடுக்குமாடியில் எந்த லிஃப்ட்டில் எங்களை அனுப்புகிறார்கள் என்று இன்று இரவு காவலாளியிடம் கேளுங்கள். அவரும் கூலிக்காரர், அவரிடம் சண்டை போடாதீர்கள். அந்த விதியைப் போட்ட சங்கத்தின் கூட்டத்துக்குப் போய், உங்கள் அப்பா அம்மா முன்னால், எழுந்து நின்று கேளுங்கள். நான் வாசலில் நின்று கேட்டால் ரேட்டிங் போகும். நீங்கள் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் போகாது.

தண்ணீர் கொடுத்தால், நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே கொடுங்கள்.